அவர் வாசிக்கச் சொன்ன அதிகாரம்

யோபுவைப் பார்க்க வந்த கூட்டாளிகள் மூன்று பேரும் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், ஏழு நாள் வாயைத் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்ததுதானாம். இதை எனக்கு முதன்முதலில் சொன்னவள் ஜெயசீலி நர்ஸ். எப்போது என்கிறீங்க? இன்றைக்குத்தான். காலை பத்தரை மணிக்கு, அதோ அந்தப் பச்சைக் கதவுக்கு முன்னால் வைத்து. அவளுக்கு வயது முப்பது இருக்குமா? என் மகளைவிட இளையவள். நான் வேதத்தை முதலிலிருந்து முடிவுவரை பதினோரு தரம் வாசித்தவள். என்னிடம் வந்து யோபுவைப் பற்றிச் சொல்கிறாள்!

கோபம் வருமா வராதா? நீங்களே சொல்லுங்க தங்கச்சி. இல்லை, இருங்க. நான் சொல்லி முடித்துவிடுகிறேன், பிறகு நீங்க சொல்லுங்க.

இப்படித் தள்ளி உட்காருங்க, அங்கே வெயில் விழுகிறது. சாத்தான்குளம் பஸ்ஸுக்குத்தானே? அது பன்னிரண்டேகாலுக்குத்தான் வரும். நேரம் கிடக்கிறது. உங்க கழுத்தில் சிலுவை கிடக்கிறதைப் பார்த்துத்தான் பேச்சுக் கொடுத்தேன். நம்ம ஆட்கள் என்றால் சொன்னதும் விளங்கும்.

நான் தண்ணீர்ப் படுக்கையைத் திருப்பிக் கொடுக்க வந்தேன். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களுக்கு முதுகில் புண் விழாமலிருக்க இந்த ஆஸ்பத்திரியில் அதைக் கொடுத்துவிடுவார்கள். தேவை முடிந்ததும் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். எங்கள் வீட்டுத் தேவை முடிந்தது. அடக்கம் ஆகி இன்றைக்கு இருபத்திரண்டு நாள்.

எங்க வீட்டுக்காரர் பெயர் அருமைநாயகம். கவர்மெண்டு பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டர். ரோட்டில் போகிறவர்களை எல்லாம் "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் கெடக்கு" என்று அதட்டின மனுஷன், வீட்டுக்குள் வந்தால் மீன்குழம்பில் உப்பு இல்லை என்பதைக்கூட வாயால் சொல்ல மாட்டார். தட்டை லேசாகத் தள்ளி வைப்பார். நானாகப் புரிந்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்ட மனுஷன் கடைசி மூன்று மாதத்தில் மூன்று தரம் என்னிடம் ஒரு காரியம் சொல்ல வந்தார். மூன்று தரமும் சொல்ல முடியாமல் போயிற்று. யாரால் போயிற்று? அதைத்தான் சொல்கிறேன். கேளுங்க.

போன நவம்பரில் வயிற்று வலி என்றார். ஸ்கேன் எடுத்தால் கணையத்தில் கட்டி. பெரிய டாக்டர் என்னையும் மகள் ஹெப்சியையும் கூப்பிட்டு, "கீறுறதுக்கு வழியில்லம்மா, வலியில்லாம பாத்துக்கலாம்" என்றார். ஹெப்சி ஓசூரில் இருக்கிறாள், கம்பெனி வேலை. அவள் அழுதாள். நான் அழவில்லை. "கர்த்தர் பெரியவர்" என்றேன். டாக்டர் என் முகத்தையே பார்த்தார்.

அப்புறம் புது வருஷம் பிறந்தது. எங்கள் சபையில் ஜனவரி ஒன்றாம் தேதி காலை ஆராதனை முடிந்ததும், வீட்டுக்கு ஒரு வாக்குத்தத்த வசனம் எடுக்க வேண்டும். உங்கள் சபையிலும் உண்டுதானே? ஒரு தட்டில் சின்னச் சின்ன அட்டைகளைக் குப்புற வைத்து நீட்டுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்று எடுக்க வேண்டும். அந்த வருஷத்துக்கு அதுதான் அந்த வீட்டுக்கு ஆண்டவர் கொடுத்த வார்த்தை. நான் எடுத்தேன். திருப்பினால், "என் கிருபை உனக்குப்போதும்."

நல்ல வசனம்தான். யார் இல்லை என்றது? ஆனால் யாருக்குச் சொன்னது? பவுலுக்குச் சொன்னது. எந்த நேரத்தில் சொன்னது? மாம்சத்தில் இருக்கிற முள்ளை எடுத்துப்போடும் என்று மூன்று தரம் அவர் வேண்டிக்கொண்ட பிறகு, எடுக்க மாட்டேன் என்பதற்குப் பதிலாகச் சொன்னது. எனக்கு அது வேண்டாம். தட்டு பிடித்திருந்தவர் அந்தப் பக்கம் யாருக்கோ தோத்திரம் சொல்லத் திரும்பினார். அட்டையை உள்ளே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தேன். "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்." பார்த்தீங்களா! அதுதான் எங்களுக்கு வைத்திருந்த வசனம். முதலில் கை தவறிவிட்டது, அவ்வளவுதான். ஒருத்தருக்கும் தெரியாது. உங்களிடம்தான் சொல்கிறேன்.

அந்த அட்டையை வயலட் மதினி கையில் கொடுத்தேன். அங்கேதான் தொடங்கியது வினை. வயலட் மதினி என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. வாசித்தாளோ இல்லையோ, கோயில் வாசலிலேயே இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். "என் தம்பிக்கு ஜீவன் உண்டு! கேட்டுக்க பொன்மணி, இன்னையிலேர்ந்து ஒங்க வீட்டுல சாவுங்கிற வார்த்தையே வரப்பிடாது. ஒருத்தர் வாயிலயும் வரப்பிடாது. வந்துச்சுன்னா அது அவிசுவாசம். வாக்குத்தத்தம் நம்ம கையவிட்டுப் போயிரும்" என்றாள்.

சொல்லிவிட்டாள். அவளுக்கென்ன? அவள் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வந்து போகிறவள். அந்த வார்த்தையை வீட்டுக்குள் விடாமல் நிலைவாசலில் காவல் நின்றவள் நான்.

அந்தக் காவலை நான் எப்படிக் காத்தேன் தெரியுமா? டாக்டர் எழுதின காகிதத்தை அவர் கண்ணில் படாமல் அரிசி டிரம்முக்குள் வைத்தேன். அவருடைய கூட்டாளி, டிரைவர் மாசிலாமணி அண்ணன், பார்க்க வந்து, "என்னடே, இப்படி எலும்பாப் போயிட்ட" என்று கண்ணீர் விட்டார். அவரைக் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், "அழுகிறதா இருந்தா இனிமே வராதீங்க" என்று சொன்னேன். மனுஷன் அப்புறம் வரவே இல்லை. இவர் தினமும், "மாசிலாமணி வரலியா, மாசிலாமணி வரலியா" என்று கேட்டார். "அவருக்கு வேல" என்றேன்.

வெள்ளிக்கிழமை வந்தால் பத்துப் பதினைந்து பெண்கள் கட்டிலைச் சுற்றி நின்றுகொள்வார்கள். "ஐயா, சுகமாயிட்டேன்னு வாயால அறிக்க பண்ணுங்க" என்பாள் மதினி. இவர் அவளைப் பார்ப்பார். என்னைப் பார்ப்பார். அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். "பாத்தியா, அவன் ஆவில பலப்படுதான்" என்பாள் அவள். எங்கே பலப்பட்டார்? முதுகைக் காட்டினார்!

எனக்கு இதெல்லாம் புதிது இல்லை தங்கச்சி. எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தில் வியாதியஸ்தரைச் சந்திக்கிற குழுவுக்குப் பதினான்கு வருஷம் நான்தான் லீடர். எத்தனை வீடு, எத்தனை கட்டில்! யாருக்கு எந்த வசனம் என்று எனக்கு அத்துப்படி. கமலம் டீச்சருடைய ஒரே மகன் குளத்தில் விழுந்து போய்விட்டான். மூன்றாம் நாள் போனேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், அவர் நாமத்துக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்க டீச்சர் என்றேன். அவள் கையை உருவிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கப்புறம் கோயிலுக்கே வரவில்லை. விசுவாசத்தில் அவ்வளவு பெலவீனம். என்ன செய்வது, நாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம்.

என்ன, ஏதோ சொல்ல வந்தீங்க? சரி, மறந்துவிடாமல் வைத்துக்கொள்ளுங்க. இந்த மூன்று தரத்தையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் தரம், பிப்ரவரி மாதம். சாயங்கால ஜெபத்துக்கு வேதத்தை எடுத்து மடியில் வைத்தேன். "பொன்மணி, இன்னைக்கி ஆதியாகமம் நாப்பத்தொம்பது வாசி" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அது என்ன அதிகாரம் தெரியும்தானே? யாக்கோபு சாகப்போகிற அதிகாரம். பன்னிரண்டு பிள்ளைகளையும் கட்டிலைச் சுற்றி வரவழைத்து, பேச வேண்டியதையெல்லாம் பேசி, என்னை இந்த நிலத்தில் இந்தக் குகையில் அடக்கம் பண்ணுங்கள், அங்கேதான் லேயாளை வைத்திருக்கிறேன் என்று இடத்தை அடையாளம் சொல்லிவிட்டு, காலை மடக்கிப் படுத்து உயிரை விடுகிற அதிகாரம். அதை வாசிக்கச் சொல்கிறார்! நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கத்தைப் புரட்டுகிற மாதிரிப் புரட்டி, தொண்ணூற்றோராம் சங்கீதத்தை எடுத்துக் கணீரென்று வாசித்தேன். கொள்ளைநோய் அணுகாது, பொல்லாப்பு நேரிடாது என்று ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன்.

முடியும் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். "அது சங்கீதம்லா" என்றார்.

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"நான் கேட்டது வேறல்லா."

"கேட்டதையெல்லாம் வாசிக்க முடியுமா? ஜெபம் பண்ணுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

இரண்டாவது தரம், மார்ச்சில். அன்றைக்கு வலி குறைந்து, கஞ்சி இரண்டு மடக்கு கூடுதலாகக் குடித்திருந்தார். "ஒரு ஆட்டோ பிடி. மணல்வெள வரைக்கும் போயிட்டு வந்துருவோம். ஒனக்கு ஒரு எடத்தக் காட்டணும்" என்றார்.

மணல்விளையா! கல்யாணமான புதிதில் நாங்கள் குடியிருந்த ஊர். முதல் பிள்ளை அங்கேதான். எண்பத்தாறாம் வருஷம். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் இருந்தது. நான் ஆஸ்பத்திரியில் ஜன்னி கண்டு கிடந்தேன். இவர் தன்னுடைய காக்கிச் சட்டையில் பிள்ளையைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். போதகர் அன்றைக்கு ஊரில் இல்லை. அங்கே இருந்த உபதேசியார், "ஞானஸ்நானம் ஆகாத பிள்ள, கல்லறைத் தோட்டத்துக்குள்ள வைக்க முறையில்ல, வெளிய எங்கனயாவது வச்சிருங்க" என்று சொல்லிவிட்டார். எங்கனயாவது! நாய்க்குட்டிக்குக் குழி தோண்டுகிற மாதிரி! எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது அந்த முறை? சிறு பிள்ளைகளை என்னிடத்தில் வரவிடுங்கள் என்றவர், தண்ணீர் தெளித்த பிள்ளையை மட்டும் விடுங்கள் என்றா சொன்னார்? அந்த உபதேசியார் செத்தும் இருபது வருஷம் ஆகிறது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

எனக்கு நினைவு திரும்பினபோது வயலட் மதினி தலைமாட்டில் நின்றாள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார். ஸ்தோத்திரம் சொல்லு பொன்மணி" என்றாள். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகக் கனக்கிறது எனக்கு. ஸ்தோத்திரம் சொல்லச் சொல்கிறாள்! கைக்கெட்டின தூரத்தில் ஒரு செம்பு இருந்தது. அதை எடுத்து அவள் நெற்றியில் எறிந்தால் என்ன என்று தோன்றியது. துக்கத்தில் கிடக்கிறவளிடம் போய் அப்படிப் பேசலாமா? கொஞ்சமாவது மனசு வேண்டாம்?

பிள்ளையை எங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒரு வருஷம், பத்து வருஷம், முப்பத்தெட்டு வருஷம். ஹெப்சியும் அவள் தம்பியும் பிறந்து வளர்ந்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகிவிட்டது. அவர்களுக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. கேட்டால் அழுதுவிடுவேன், அழுதால் ஆண்டவர்மேல் முறுமுறுப்பு ஆகிவிடும், முறுமுறுத்தவர்கள் வனாந்தரத்தில் விழுந்துபோனார்கள் என்று படித்திருக்கிறேனே. அந்தப் பயத்தில் வாயைக் கட்டினேன்.

அதனால் அவர் மணல்விளை என்றதும், "சொகமானதும் பஸ்ஸிலேயே போவோம். நீங்களே விசிலடிச்சு எறக்கிவிடுங்க" என்று சிரித்துப் பேச்சை மாற்றினேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த பஸ் வராதுட்டி" என்றார். உடனே வயலட் மதினிக்குப் போன் போட்டேன். "தம்பி வாயில அவிசுவாசமா வருது மதினி." அவள் நெற்றியில் பூசி ஜெபிக்கிற எண்ணெய்க் குப்பியோடு வந்துவிட்டாள்.

மூன்றாவது தரம் குருத்தோலை ஞாயிறு அன்றைக்கு. தெருவில் பிள்ளைகள் ஓலையை ஆட்டிக்கொண்டு ஓசன்னா பாடிக்கொண்டு போனார்கள். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். ஒரு சின்னப் பெண், மூன்று வயது இருக்கும், ஓலையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே கடைசியாகப் போனாள். அவள் போகிறவரைக்கும் பார்த்தார். அப்புறம் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "பொன்மணி, பிள்ளைய வச்ச எடம்..." என்றார்.

அவ்வளவுதான் வந்தது. நான் அவர் வாயைப் பொத்திவிட்டேன்.

பொத்திவிட்டு, "நான் சாவாமல், பிழைத்திருந்து... சொல்லுங்க, எங்கூடச் சொல்லுங்க" என்றேன். உள்ளங்கையில் அவருடைய மூச்சு சுட்டது. கையை எடுத்தேன். ஞாயிறுபள்ளிப் பையன் மாதிரி, "சாவாமல்..." என்று நான் சொன்னதையே சொன்னார். அவர் என்னிடம் பேசின கடைசிப் பேச்சு அதுதான். மறுநாளிலிருந்து மயக்கம். ஈஸ்டர் கழிந்து மூன்றாம் நாள் காலையில், நான் காப்பி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார்.

அடக்க ஆராதனையில் போதகரையா அந்த அட்டை வசனத்தையே எடுத்துப் பேசினார். சாவாமல் என்றால் இந்த உலகத்தில் சாவாமல் இருப்பது இல்லையாம். நித்திய ஜீவனைத்தான் ஆண்டவர் சொன்னாராம். ஏன் ஐயா, அதை ஜனவரி மாதமே சொல்லியிருக்கக் கூடாதா? மூன்று மாதத்துக்கு மேலாக அந்த வசனத்தை வைத்துத்தானே எங்கள் வீட்டில் ஜெபம் பண்ணினீர்கள்? என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் கேட்டிருப்பார்: எந்த ஊர் போர்டு மாட்டி ஏத்தினீங்க, எந்த ஊர்ல கொண்டு எறக்குதீங்க? வயலட் மதினியோ பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "என் தம்பி ஜெயமாப் போயிட்டான்" என்று சாட்சி சொல்கிறாள். நான் அழுதேன். என் தோளைத் தட்டி, "நம்பிக்கையில்லாதவங்க மாதிரி அழாத" என்கிறாள். அந்த இடத்தில் பவுல் என்ன எழுதினார்? நம்பிக்கையற்றவர்களைப்போல் துக்கிக்காதிருங்கள் என்றார். துக்கிக்கவே துக்கிக்காதிருங்கள் என்றா எழுதினார்? லாசருவை இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் ஆண்டவர் கல்லறைக்கு முன்னால் கண்ணீர் விட்டாரே. அவருக்குப் பக்கத்தில் வயலட் மதினி நின்றிருந்தால் அவரையும் தோளில் தட்டியிருப்பாள்!

சரி, அதெல்லாம் போகட்டும். இன்றைக்குக் காலையில் நடந்ததைச் சொல்கிறேன். ஜெயசீலி நர்ஸ் செவ்வாய்க்கிழமை தோறும் ஸ்கூட்டியில் வீட்டுக்கு வந்து, டியூப் மாற்றி, புண் பார்த்து, வலி மருந்து கொடுத்துவிட்டுப் போகிறவள். அதிகம் பேச மாட்டாள். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். நாற்காலி போட்டாலும் மாட்டாள். நான் படுக்கையைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். "அம்மா, ஒரு நிமிஷம்" என்று ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"என்னது இது?"

"ஐயா சொல்லச் சொல்ல நான் எழுதுனது. ஒரு செவ்வாக்கிழம நீங்க சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தீங்கள்லா, அன்னைக்கி. நான் போனப்பறம் அவகிட்ட குடும்மான்னாங்க."

"எங்கிட்ட சொல்லாதத ஒங்கிட்ட சொன்னாராக்கும்? நாப்பது வருஷம் பொங்கிப் போட்டவ நான். நீ யாருட்டி?" என்று கத்தினேன். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நீங்களும் பார்த்திருப்பீங்க.

அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "ஒங்ககிட்டதாம்மா சொல்ல வந்தாங்க. நான் ஒருக்கா நின்னு பாத்தேன். நீங்க விடல" என்றாள்.

"விசுவாசத்துல சொன்னேன். வசனத்தச் சொன்னது தப்பா?"

அப்போதுதான் அந்த யோபு கதையைச் சொன்னாள். "ஏழு நா பேசாம இருந்தாங்க, அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்துது. அப்பறம் வாயத் தொறந்தாங்க. அவங்க சொன்னது பூரா சாமியப் பத்தித்தாம்மா. ஆனா கடைசில ஆண்டவருக்குக் கோவம் வந்தது, அழுது பொலம்புன யோபு மேல இல்ல. அவங்க மேலதான்" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டாள்.

அடுத்த ஆளைப் பார்க்க! என்னை இப்படி நடு வராந்தாவில் நிறுத்திவிட்டு!

நான் வந்து இந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். என்ன திமிர் என்று நினைத்தேன். எந்த அதிகாரம் என்று தேடி, அவள் சொன்னது பிசகு என்று காட்டிவிட வேண்டும் என்று பையிலிருந்த வேதத்தை எடுத்தேன். நாற்பத்திரண்டாம் அதிகாரம். அப்படியேதான் இருக்கிறது. பதினோரு தரம் வாசித்தேன் என்றேனே, பதினோரு தரமும் அதைத் தாண்டித்தானே போயிருப்பேன்? யோபுவுக்குப் பிள்ளைகள் திரும்பக் கிடைத்தார்கள், ஆடுமாடு இரட்டிப்பாகக் கிடைத்தது, அந்த இடத்துக்கு ஓடியிருப்பேன்.

கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் என்ன கேட்டார்? என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது, நீங்கள் இங்கே என்னோடேகூட விழித்திருங்கள் என்றார். அவ்வளவுதானே கேட்டார்? வசனம் சொல்லுங்கள் என்று கேட்டாரா? மரணம் என்று அவர் வாயாலேயே சொன்னாரே, அது அவிசுவாசமா? அவரோடு போன சீஷர்கள் மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள் என்று ஞாயிறுபள்ளியில் எத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லி, "நாம தூங்கலாமா?" என்று கேட்டிருக்கிறேன். தூங்கினவர்களாவது பரவாயில்லை தங்கச்சி. தூங்கினவர்கள் அவர் வாயைப் பொத்தவில்லை.

என்மேல் மட்டுமா தப்பு? மதினி சொன்னாள், சபை சொன்னது, அட்டையில் போட்டிருந்தது. அவராவது என் கையைத் தட்டிவிட்டுப் பேசியிருக்கக் கூடாதா? முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் கத்தின மனுஷன்! ஆண்டவர்மேலும் எனக்குக் கோபம்தான். இன்றைக்கு அதையும் சொல்லிவிடுகிறேன். யோபு சொல்லலாம் என்றால் நானும் சொல்லலாம். என் வாயைக் கட்டவாவது ஒரு தூதனை அனுப்பியிருக்கக் கூடாதா? தூதன் சொன்னதை நம்பாத சகரியாவுக்கு வாயைக் கட்டினாரே!

மணல்விளையில் இப்போது அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கு வேலியே கிடையாது. சுற்றிலும் வீடு வந்துவிட்டது, ரோடு போட்டுவிட்டார்கள். "எங்கன" என்று தெரிந்த ஒரே ஆள் அவர். என் பிள்ளை கிடக்கிற இடம் இனி இந்தப் பூமியில் இந்தக் காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. அதுவும் இருக்கிறதோ இல்லையோ. வேறு எதையாவது சொல்லியிருப்பாரோ, என்னைத் திட்டியிருப்பாரோ, தெரியாது. பிள்ளைக்கு ஏதாவது பெயர் வைத்திருப்பாரோ என்றுகூட நினைப்பு வருகிறது. மண்ணைத் தள்ளும்போது ஏதாவது ஒரு பெயரைச் சொல்லித்தானே தள்ளியிருப்பார்?

இதோ பாருங்க. முன்பக்கம் மருந்துச் சீட்டு. பின்பக்கம் முழுக்க நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கிறாள். "பொன்மணிக்கு" என்கிற மட்டும் பார்த்தேன். மடித்துவிட்டேன். முக்கால் மணி நேரமாக மடியில்தான் கிடக்கிறது.

எனக்குப் படிக்கத் தெரியும். எட்டாம் வகுப்பு பாஸ். கண்ணாடியும் பையில்தான் இருக்கிறது, உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நானே வாசித்தால் எனக்கு வேண்டியதை மட்டும் வாசிப்பேன். வேண்டாத இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். என்னை எனக்கு நம்ப முடியவில்லை.

நீங்க அப்போதிருந்து என்னமோ சொல்ல வருகிறீங்க. நான்தான் விடவில்லை. உங்க வீட்டில் யார் உள்ளே படுத்திருக்கிறார்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. அதையும் கேட்கிறேன், பஸ் போனால் போகட்டும், சத்தியமாகக் கேட்கிறேன். அதற்கு முன்னால் இதை மட்டும் எனக்கு வாசித்துச் சொல்லுங்க தங்கச்சி. முதல் வரியிலிருந்து, ஒன்றையும் தாண்டாமல், மெதுவாக வாசிங்க. நான் குறுக்கே பேச மாட்டேன்.